கம்பை எறிகிற கதை

இருபது வருஷங்களுக்கு முன்னால், எனக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு பெரியவர் வருகிறார். கம்பு ஊன்றித்தான் நடப்பார். அவருக்கு என்ன வியாதி என்று நான் தீர்மானிக்கவில்லை. அந்த வயதில் அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. காலில் ஏதோ நரம்புக் கோளாறு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மகன் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். எட்டு வருஷம் கழித்து ஒரு நாள் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். பெரியவர் பார்க்கிறார். கையிலிருந்த கம்பைத் தூக்கி எறிகிறார். திண்ணையைக் கடந்து, நாலு படியும் இறங்கி, தெருவுக்கு ஓடிப் பேரனை வாரி எடுத்துக்கொள்கிறார். கதை அங்கே முடிகிறது.

அந்தக் கதைக்கு வந்த கடிதங்கள் மாதிரி என்னுடைய வேறு எந்தக் கதைக்கும் வந்ததில்லை. அழுதேன் என்று எழுதினார்கள். இரண்டு முறை அழுதேன் என்று ஒரு அம்மாள் எழுதினார். நானும் அதை நல்ல கதை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டத்துக்குக் கம்பு ஊன்றிக்கொண்டு போனேன். நான்கு நாள் கழித்து ஓர் அன்பரிடமிருந்து கடிதம் வந்தது. மிகுந்த பிரியத்தோடு எழுதியிருக்கிறார். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. நாற்பத்தேழு வயதில் கம்பு பிடிப்பதாவது, நீங்களே இப்படி மனம் தளரலாமா, மன உறுதி இருந்தால் முடியாதது உண்டா, உங்கள் கதையில் வந்த அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரைப் போல அதைத் தூக்கி எறிந்துவிட்டு நடங்கள் என்பது அவருடைய கட்சி.

என் கதையை வைத்தே என்னை அடித்துவிட்டார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அவர் ஒருவர் அல்ல என்று எனக்குத் தெரியும். என் மைத்துனர் அதைத்தான் சொல்கிறார். காலையில் வாக்கிங் போகிற இடத்தில் சந்திக்கிற ஓய்வுபெற்ற அதிகாரி அதைத்தான் சொல்கிறார். தமிழ் சினிமா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ இருக்கிறவன் கடைசி ரீலில் எழுந்து நடந்தால்தான் நமக்குப் படம் முடிந்த திருப்தி. எனவே எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் சங்கதி. எனக்கு முப்பத்துமூன்றாவது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. வந்தது என்ன, கண்டுபிடித்தார்கள். அது எப்போது வந்ததோ! ஏழெட்டு வருஷம் அதை ஒரு தூரத்து உறவுக்காரன் மாதிரி நடத்தினேன். தீபாவளிக்குப் பலகாரம் தின்னும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது. பிறகு ஒரு நாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகையில், ஒரு பையன் பின்னாலேயே ஓடி வந்தான். அவன் கையில் என் இடது கால் செருப்பு. "சார், உங்க செருப்பு." நான் எவ்வளவு தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஹவாய் செருப்பு காலைவிட்டுக் கழன்றதை என் கால் என்னிடம் சொல்லவே இல்லை.

டாக்டரிடம் போனேன். அவர் வீணை சுருதி சேர்க்கிறவர் மாதிரி ஒரு கவையைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?" என்று கேட்டார். "வைங்க, சொல்றேன்" என்றேன். அவர் ஏற்கனவே வைத்திருந்தார்.

பிறகு என்னை நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அறை என்னை ஒரு பக்கமாகத் தள்ளியது. அவர் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டார். மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1840-களில் எழுதிவைத்த சோதனை அது. கண்ணைத் திறந்து நிற்கிறபோது நேராக நிற்கிறவன், மூடியதும் ஆடுகிறான் என்றால் குற்றம் கண்ணில் இல்லை, காலிலிருந்து மேலே போகிற சேதியில் என்று அர்த்தம். அந்தக் காலத்து நோயாளிகள் பலர் இந்தச் சோதனையைத் தங்கள் வீட்டிலேயே, தெரியாமல் செய்துகொண்டவர்கள்: முகம் கழுவக் கண்ணை மூடுவார்கள், தண்ணீர்த் தொட்டியின் மேலேயே விழுவார்கள்.

மனிதன் நேராக நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். ஒன்று கண். இரண்டாவது, உட்காதில் இருக்கிற அரைவட்டக் குழாய்கள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று அவை சொல்லும். மூன்றாவது சாட்சி, பாதமும் கணுக்காலும் முழங்காலும். தரை சரிவா, சமமா, பாரம் குதிகாலில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்கிற சேதியைத் தோலும் தசையும் மூட்டும் ஓயாமல் மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஐம்புலன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் சேராத புலன் இது. ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1906-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்; தன்னுடம்பைத் தானறிகிற உணர்வு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இருக்கும்வரை இருப்பது தெரியாத உணர்வு.

கால் விரலின் சேதியைக் கொண்டுவருகிற நரம்பிழையின் உயிர்நிலை இடுப்பருகே முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் அதிகமாக இருந்தால் இந்த நீளமான இழைகள்தாம் முதலில் நசிகின்றன. அதனால்தான் விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மரப்பு மேலே ஏறுகிறது. சிலருக்கு எரிச்சல், சிலருக்கு ஊசி குத்தல், பலருக்குப் பஞ்சு மெத்தையின் மேல் நடப்பது போன்ற ஒரு தோற்றம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10.1 கோடி. நாளடைவில் இவர்களில் பாதிப்பேர் வரைக்கும் இந்த நரம்புக் கோளாறு வரலாம் என்கிறது வைத்திய சாஸ்திரம். ஆக, இது என் ஒருவனுடைய சொந்தப் புலம்பல் அல்ல. இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிறவர்களில் சிலர் இப்போதே தங்கள் கால் விரலை அசைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள்.

இனி, மன உறுதி.

மனம் எதைக் கொண்டு காலை நடத்துகிறது? கால் எங்கே இருக்கிறது என்ற சேதியைக் கொண்டு. அந்தச் சேதியே வராதபோது மனம் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன? தந்திக் கம்பி அறுந்துபோன ஊரில் தபால் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் தந்தி வந்துவிடுமா? மன உறுதி இல்லாததனால் விழுகிறோம் என்று சொல்வது, கிட்டப்பார்வைக்காரனைப் பார்த்து, உனக்குப் படிக்கிற ஆசை போதாது, கண்ணாடியைக் கழற்று என்று சொல்வதற்கு ஒப்பானது. அப்படிச் சொல்கிற அன்பர்கள் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயரைப் பற்றிப் படித்தேன். 1971-இல், பத்தொன்பதாவது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்தத் தன்னுணர்வு முழுவதையும் இழந்துவிட்டார். தசைக்குப் பலம் இருந்தது; ஆனால் கை எங்கே, கால் எங்கே என்று தெரியாமல் துணிமூட்டை மாதிரி கிடந்தார். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி செய்து, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டார். மன உறுதிக்காரர்கள் இங்கே கையைத் தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்கவேண்டும். அவர் நிற்கும்போது விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்து விழுந்துவிடுவார். அவ்வளவு உறுதி படைத்த மனம் இருட்டில் எங்கே போயிற்று? போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. கண் என்ற சாட்சி போய்விட்டது, அவ்வளவுதான். அவருடைய உறுதி, இல்லாததை இருக்கிறது என்று சாதித்ததில் இல்லை. இழந்த புலனுக்குப் பதிலாக வேறொரு புலனை வேலைக்கு வைத்ததில் இருக்கிறது. என் கம்பும் அந்த ஜாதிதான்.

கம்பு என்றால் பாரம் தாங்குகிற முட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். 1994-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை வைத்துக் கோடு மாதிரி நிற்கச் சொல்லி, ஒரு விரல் நுனியால் பக்கத்தில் இருந்த தகட்டை லேசாகத் தொடச் சொன்னார்கள். 100 கிராம் கனத்துக்கும் குறைவான அழுத்தம். அது ஆளைத் தாங்கிப் பிடிக்காது. இருந்தும் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. விரல் நுனி பாரத்தைத் தாங்கவில்லை, சேதி சொல்லியிருக்கிறது: இதோ இந்தப் பக்கம் சாய்கிறாய், இதோ அந்தப் பக்கம் என்று. பின்னால் கால் மரத்த நோயாளிகளை வைத்துச் செய்து பார்த்தபோதும் அதே பலன்தான். ஆகவே என் கையிலிருக்கும் கம்பு மூன்றாவது கால் அல்ல. அது தரைவரை நீண்ட ஒரு விரல்.

இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. எங்கள் பழைய வீட்டில் பட்டாசாலையிலிருந்து கொல்லைவரை சுவரில் ஒரு கறுப்புக்கோடு ஓடும். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய்ப் பிசுக்கேறிய கோடு. ஆச்சி நடக்கும்போது சுவரை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். பிடித்துக்கொள்ளமாட்டாள், தொடுவாள், அவ்வளவுதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் அம்மா ஆச்சியை ஏசுவாள்: "நேத்து அடிச்ச வெள்ளை, அதுக்குள்ள கையக் கொண்டு போயாச்சா?" ஆச்சி இரண்டு நாள் கையை மடக்கி வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பாள். மூன்றாம் நாள் கோடு ஆரம்பித்துவிடும். 1994-இல் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததை ஆச்சி அதற்கு முன்பே எங்கள் சுவரில் எழுதி வைத்திருந்தாள். நாங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சுண்ணாம்பு பூசி அழித்தோம்.

பெண்களின் சங்கதி இப்படித்தான் இருக்கிறது. ஆண்பிள்ளை கம்பு பிடித்தாலாவது பெரிய மனுஷன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். ஒரு வீட்டு மாமியாரோ அத்தையோ ஐம்பது வயதில் கம்போடு கல்யாணத்துக்கு வந்து நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? கம்பு பிடிக்கிறதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இருந்துவிட்டால் கால் மேலும் பலம் குறையும். பலம் குறைந்தால் மேலும் விழுவார்கள். கௌரவத்துக்காக இப்படி ஒரு வட்டத்துக்குள் எத்தனை பெண்கள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எந்தக் கணக்கிலும் வராது.

கௌரவம் என்று சொல்கிறோமே, அது நம் தேசத்தில் என்றைக்கிலிருந்து கம்புக்கு விரோதியாயிற்று? பழனிமலையில் நிற்கிற ஆண்டவன் கையில் தண்டம் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் அனுதாபப்படுவதில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காந்தியடிகளைக் கம்பு இல்லாமல் சிலை வைத்தால் நமக்கு அடையாளம் தெரியாது. பெரியார் கைத்தடியோடுதான் தெருமுனைகளில் நிற்கிறார். படத்து ஔவைப்பாட்டிக்கும் கோல் உண்டு. சிலையாக நிற்கிறவர்கள் வைத்திருக்கலாம். நடக்கிறவன் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது. இது என்ன நியாயம்?

கம்பு வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் நான் கௌரவமாகத்தான் நடந்தேன். அந்தக் கௌரவம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் காலை பத்து மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கடைசிப் படி என் கணக்கைவிட உயரமாக இருந்தது. இறங்கித் தரையில் நாலு எட்டு தடுமாறி, ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு." பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நான் என் வாழ்க்கையில் காப்பியைத் தவிர வேறெதையும் குடித்தவனில்லை. ஆனால் அந்தக் கண்டக்டர்மேல் எனக்கு வருத்தமில்லை. தமிழ்நாட்டுத் தெருவில் தள்ளாடுகிறவனைப் பார்த்தால் வேறு எதை நினைப்பார்கள்? கம்பு வாங்கின பிறகு அதே ரூட்டில் வேறொரு கண்டக்டர், "பார்த்து இறங்குங்க சார், வண்டி நிக்கும்" என்கிறார். கம்பு எனக்குத் தரையைப் பற்றிச் சொல்கிற சேதி ஒன்று. என்னைப் பற்றி ஊருக்குச் சொல்கிற சேதி இன்னொன்று. இரண்டும் எனக்கு வேண்டியிருக்கிறது.

கோவிலில் வேறு மாதிரி. சன்னதியில் கண்ணை மூடிக் கும்பிடுவது என் பழக்கம். மூடினால் ஆடுவேன். ஒரு ஆடி வெள்ளிக்கிழமை நான் ஆடியதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் எனக்கு சாமி வந்துவிட்டதென்று எண்ணி, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டுவிட்டார். சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் கோவில் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தான இடம் என்பது சிரிக்கிற விஷயமல்ல. எண்ணெய் சிந்திய கல், இருட்டு, கூட்டம், வெறுங்கால். சித்திரை வெயிலில் பிராகாரக் கல் பொசுக்குவது மற்றவர்களுக்குத் தெரியும், ஓடிவிடுவார்கள். கால் மரத்தவன் நிதானமாகப் பிரதட்சிணம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்க்கிறான். இப்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு, தூணை ஒரு விரலால் தொட்டபடி கும்பிடுகிறேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் இதே கால். யாரும் அதற்கு ஒரு பெயர் சொல்லவில்லை, வயதாகிவிட்டது என்றார்கள். அவரே ஒரு மூங்கில் கம்பைச் சீவி வைத்துக்கொண்டு, வீட்டிலும் தெருவிலும் அதோடுதான் நடந்தார். 2009-இல் என் தங்கைக்குக் கல்யாணம். மண்டபத்துக்குப் புறப்படுகையில் அப்பா கம்பை எடுத்தார். நான் சொன்னேன்: "அது எதுக்குப்பா இன்னைக்கு? போட்டோவுக்கு நல்லா இருக்காது. நான் கூடவே இருக்கேன், பிடிச்சிக்கிடுதேன்."

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "சரிடே" என்றார். கம்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

அந்தக் கதையை நான் எழுதி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா அதைப் படித்திருந்தார்.

நான் கூடவே இருக்கவில்லை. சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கவேண்டியிருந்தது, பந்தியைக் கவனிக்கவேண்டியிருந்தது. முதல் பந்தி முடிந்து கை கழுவப் போன அப்பா, கழுவுகிற இடத்தில் ஈரத்தரையில் விழுந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கண்ணை மூடியிருப்பார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள், எழுந்து நடக்கவில்லை. பதினொரு மாதம் படுக்கையில் கிடந்து 2010-இல் காலமானார். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், விழுந்து இறந்துபோகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். அந்தத் தொகையைப் படிக்கும்போது எனக்கு ஒரு கதவும் அதன் பின்னால் ஒரு கம்பும்தான் தெரிகின்றன.

அந்தக் கம்பைத்தான் இன்று நான் ஊன்றுகிறேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அது பொய். அப்பா என்னைவிட நல்ல உயரம். கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, கம்பின் பிடி அந்த உயரத்தில் இருக்கவேண்டும். உயரம் தவறினால் கம்பே ஆளைத் தள்ளும். என்னுடையது மருந்துக்கடையில் வாங்கிய அலுமினியக் கம்பு. துளைகளில் பொத்தானை மாற்றி உயரம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கால் மற்றதைவிட மோசமாக இருந்தால் கம்பு எதிர்ப்பக்கத்துக் கையில் இருக்கவேண்டும் என்பதை எனக்குப் பிசியோதெரபி செய்கிற பெண்தான் சொன்னாள். சினிமாவில் அதையும் தப்பாகத்தான் காட்டுகிறார்கள். அடியில் மாட்டியிருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் ஈரத்தில் வழுக்கும். அது சின்னச் சாமான். மாற்ற மறந்துபோய் விழுந்தவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணிடம் மன உறுதிக்காரர்கள் ஒரு வாரம் வந்து பார்க்கட்டும். சமையல் மேடை ஓரத்தில் நின்று, கை எட்டுகிற தூரத்தில் பிடிமானம் இருக்க, ஒரு பாதத்துக்கு முன் மற்றொரு பாதம் வைத்து எண்ணிக்கொண்டு நிற்கவேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரவேண்டும். குதிகாலைத் தூக்கி இறக்கவேண்டும். செத்த நரம்பு இதனால் பிழைக்காது. மிச்சமிருக்கிற சேதியை வைத்துக்கொண்டு உடம்பு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளக் கற்கும். நானும் தினம் இருபது நிமிஷம் செய்கிறேன். உறுதி என்று ஒன்று தேவைப்படுகிறதானால் இங்கேதான் தேவைப்படுகிறது. இதைப்போல் சலிப்பூட்டுகிற காரியம் வேறு கிடையாது, யாரும் கை தட்டுவதும் கிடையாது.

வயதாகிவிட்டது என்கிற வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேருக்கு நஷ்டம்! பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும் இதே மாதிரி கால் மரத்து, இருட்டில் தள்ளாட்டம் வரும். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும். சுத்த சைவக்காரர்களுக்கு ஏற்கனவே குறைவாக இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டால் ஊசியில் சரியாகும், தாமதித்தால் சேதம் நின்றுவிடும். சர்க்கரைக்காரன் தள்ளாடுகிறான், எனவே சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எரிச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரைகளையும் தெரிந்துகொள்ளவேண்டும்: அவை எரிச்சலைத் தணிக்கும், உணர்ச்சியைத் திருப்பித் தராது, சில மாத்திரைகள் தலைசுற்றலையும் கூட்டிக்கொண்டுவரும். படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் கண் இருட்டுகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். ரத்த அழுத்தத்தை நிர்வகிக்கிற நரம்புகளும் அதே வியாதிக்கு உட்பட்டவைதாம்.

வீடு கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வார்த்தை தடிக்கிறது. பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸைக் குளியலறையிலும் பதிக்கிறார்கள். மாடிப்படியில் கைப்பிடி வைத்தால் அழகு கெடுகிறது என்று கண்ணாடியைப் பதிக்கிறார்கள். குளியலறையில் இருக்கிற ஒரே கம்பி துண்டு போடுகிற கம்பி. அவசரத்துக்கு அதைப் பிடித்தால் அது நம்மோடு சேர்ந்து விழும். என் வீட்டில் நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: சொரசொரப்பான தரை, சுவரில் கொத்தனாரைக்கொண்டு ஆழமாகப் பதித்த ஒரு பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், படுக்கைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் விடியவிடிய எரிகிற சின்ன விளக்கு, கரண்டு போனால் தலைமாட்டில் ஒரு டார்ச். வாட்டர்மேனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். எனக்கு வெளிச்சம் ஒரு மருந்து. ஹவாய் செருப்பைத் தொலைத்துத் தலைமுழுகிவிட்டுப் பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடக்கிறேன். வீட்டுக்குள் செருப்பா என்று முதல் வாரம் அம்மா முகம் சுளித்தாள். பிறகு பூஜை அறைக்கு மட்டும் வேண்டாம் என்று சமாதானமாயிற்று.

சர்க்காரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை நீளும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் கோளாறுகளையும் இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இந்த வசதிகளெல்லாம் செய்தால் நல்லது என்ற உபதேசமாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சந்தோஷம். எங்கள் தெருச் சாக்கடை மூடிகளுக்கு அந்தத் தீர்ப்பு எப்போது வந்து சேரும் என்று காத்திருக்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிய அன்பரே, உங்கள்மேல் எனக்கு உள்ள கோபத்தில் பாதி என்மேலானது. கம்பை எறிந்தால்தான் மனிதன் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். விழுந்த பிறகு அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நாங்கள் கதைக்காரர்கள் சௌகரியமான இடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இப்போது என் பழைய கதைகளை ஒரே தொகுதியாகப் போடுகிறார்கள். அந்தக் கதையை விட்டுவிடுங்கள் என்று பதிப்பாளருக்கு எழுதினேன். "அந்தக் கதைக்காகத்தான் அண்ணாச்சி, தொகுதியே விக்கும்" என்று போன் செய்தார். அப்படியானால் முடிவை மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றினேன். மகன் பேரனோடு வாசலில் நிற்கிறான். பெரியவர் கம்பை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். இடது கையால் திண்ணைத் தூணைத் தொடுகிறார். கம்பை முதல் படியில் வைக்கிறார், பிறகு காலை. பேரன் ஏதோ கேட்கிறான். தாத்தா இப்போது பேசமாட்டார், படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மகன் சொல்கிறான். இரண்டாவது படி. இந்தப் பகுதியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. கதை ஒன்றரைப் பக்கம் நீண்டுவிட்டது.

அதைக் கொஞ்சம் சுருக்க முடியுமா என்று பதிப்பாளர் கேட்கிறார். நாலு படி இறங்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.